மூன்றாம் கட்டையின் சங்கிலி

ஆல்பத்தில் ஒட்டிய படத்தை எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முதலில் அதிலிருந்து கையை எடுங்கள் என்று கத்தியிருப்பேன். கேட்கவில்லை. பிரித்து, அடுக்கி, ஸ்கேன் எடுத்து, மிச்சத்தை எடைக்குப் போட்டுவிட்டு, அதற்கப்புறம் போன் செய்தார்கள்.

"சார், துறைமுகத்து டாக் போட்டோஸ் எல்லாம் நீங்க எடுத்ததுன்னு சொன்னாங்க. கண்காட்சி வைக்கப் போறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி எழுதித் தர முடியுமா?" என்றது ஒரு பெண் குரல்.

"ரெண்டு வரி ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இருக்குமேம்மா. நானே வெள்ளை மையில எழுதினது."

"அதெல்லாம் டைப் பண்ணி வெச்சிருக்கோம் சார். கொஞ்சம் சுவாரசியமா வேணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கோபத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஆனாலும் குறையவில்லை.

நான் முப்பத்து நாலு வருடம் ஒரு துறைமுகத்தில் போட்டோகிராபராக இருந்தேன். எந்தத் துறைமுகம் என்று எழுத விருப்பமில்லை. எழுதினால் நாளைக்கே நாலு பேர் மறுப்புக் கடிதம் போடுவார்கள். துறைமுகத்துக்கு எதற்குப் போட்டோகிராபர் என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். பெரிய மனிதர்கள் வந்தால் மாலை போடுவதைப் படம் பிடிக்கத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதையும் செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் உண்மையான வேலை டாக்கில்.

மிதக்கும் உலர்துறை என்று அறிக்கைகளில் எழுதுவார்கள். எங்களுக்கு அது டாக். அடியில் இரும்புத் தளம், இரண்டு பக்கமும் இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புச் சுவர், முன்னும் பின்னும் திறப்பு. எல்லாமே தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தொட்டிகளில் தண்ணீர் விட்டால் டாக் மெதுவாகக் கீழே இறங்கும். ரிப்பேருக்கு வந்த கப்பலை அதற்குள் இழுத்து வந்து நிறுத்துவார்கள். பிறகு தொட்டித் தண்ணீரை வெளியேற்றினால், டாக் கப்பலையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். கப்பலின் அடிவயிறு வெயிலைப் பார்க்கும்.

கப்பல் வெறும் தளத்தில் உட்காராது. நடுவில் ஒரு வரிசை மரக்கட்டைகள், அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை. பக்கக் கட்டை ஒவ்வொன்றின் தலையிலும் தனியாக ஒரு மரத்துண்டை வைத்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டுவார்கள். மரம்தானே, கட்டாவிட்டால் டாக் தண்ணீரில் இறங்கும்போது கழன்று மிதந்து, வரும் கப்பலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் கட்டைகளை அடுக்கி முடித்தபின், தண்ணீர் விடுவதற்கு முன்னால், நான் தளத்தில் இறங்கிப் படம் எடுக்க வேண்டும். எந்தக் கட்டை எங்கே இருந்தது, எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. ஒவ்வொரு கப்பலுக்கும் இப்படி எடுத்து ஒட்டி ஒட்டி இருபத்தேழு ஆல்பம் சேர்ந்திருந்தது. அந்த இருபத்தேழையும்தான் எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

நான் தொழில் கற்றது கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில். பாஸ்போர்ட் சைஸ் படம், மொட்டையடித்த குழந்தை, பெண் பார்க்க அனுப்பும் படம். மூன்று வருடம் இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கையை ஊற வைத்தேன். பிறகு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து கார்டு வந்தது, துறைமுகத்தில் சேர்ந்தேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் சுந்தரேசன் சார் அடிக்காமல் அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

சுந்தரேசன் சார்தான் டாக் மாஸ்டர். கப்பலை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் சொன்னால்தான். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, கேன்வாஸ் ஷூ, கையில் ஒரு சின்னச் சுத்தியல். ஒருவரையும் 'நீ' என்று சொல்லமாட்டார், பெருக்குகிற ஆளைக்கூட 'வாங்க'தான். அந்த மரியாதை திட்டு வாங்குவதைவிடக் கொடுமையாக இருக்கும். கட்டை அடுக்கி முடிந்ததும் ஒவ்வொரு சங்கிலியாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடப்பார். இறுகிய சங்கிலியின் சத்தம் வேறு, தளர்ந்ததன் சத்தம் வேறு. யாராவது போய் "எல்லாம் சரியா இருக்கு சார்" என்றால், "பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்பார். சொன்னார்கள் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

எனக்கென்று இரண்டு விதி வைத்திருந்தார். ஒன்று, ஸ்லேட். பள்ளிக்கூடத்து ஸ்லேட்டுதான். ஒன்றில் 'வலம்', இன்னொன்றில் 'இடம்' என்று சாக்பீஸால் எழுதி, கப்பல் பெயரும் எழுதி, அந்தந்தப் பக்கத்து முதல் கட்டையில் மாட்டிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். டாக்கின் இரண்டு சுவரும் ஒரே அச்சு. படத்தில் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஃபிலிமை இருட்டறையில் திருப்பி வைத்து அச்சடித்துவிட்டால் வலம் இடமாகிவிடும். ஸ்லேட் இருந்தால் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரியும், பிடித்துவிடலாம்.

இரண்டாவது விதி, ஒட்டியதைப் பிரிக்கக் கூடாது. சேர்ந்த முதல் மாதமே ஒரு படத்தைக் கோணலாக ஒட்டிவிட்டேன். ஈரம் காய்வதற்குள் பிரித்து நேராக ஒட்டினேன். சனிக்கிழமை சனிக்கிழமை அவர் பூதக்கண்ணாடி வைத்து ஆல்பத்தைப் பார்ப்பார். அந்தப் பக்கத்தில் பசைக்கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சீட்டு எழுதச் சொன்னார்: 'கோணலாக ஒட்டப்பட்டதால் இப்படம் மறுபடியும் ஒட்டப்பட்டது.' நானும் அவரும் அதில் கையெழுத்துப் போட்டோம். அந்தச் சீட்டைப் படத்துக்கு அடியில், தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் பசை வைத்து ஒட்டச் சொன்னார். "திருத்தினது தெரியணும் தனபால். தெரியாம திருத்தினா அதுக்குப் பேர் பொய்" என்றார். ஒரு கோணல் படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்று மனதுக்குள் திட்டினேன்.

இனி ஒரு இழுவைக் கப்பல் விஷயம். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வருகிற சின்னக் கப்பல் அது. அவசரமாக டாக்கில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து காலையிலிருந்து போன் மேல் போன். தூறல் வேறு. வலப்புறக் கட்டைகளுக்கு மேஸ்திரி ஜாபர் பாய், பூந்தமல்லிக்காரர். அவருடைய கேங்கில் மூன்றாவது கட்டையைக் கட்டியவன் அன்வர். ஜாபர் பாயின் மனைவியுடைய தம்பி. பாய்தான் துறைமுகத்துக்குள் நுழையக் கேட்பாஸ் வாங்கிக் கொடுத்து வேலைக்குக் கொண்டுவந்திருந்தார். இடப்புற மேஸ்திரியின் பெயரை எழுதமாட்டேன். அவரிடம் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை, தன் தரப்பைச் சொல்ல வரமாட்டார்.

சுந்தரேசன் சார் அன்றைக்குச் சுத்தியலோடு இறங்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். இரண்டு மேஸ்திரிகளும் கீழேயிருந்து "இறுக்கமா கீது சார்" என்று குரல் கொடுத்தார்கள். ஒப்புக்கொண்டார். நான் ஸ்லேட்டை மாட்டினேன், தூறலில் சாக்பீஸ் கரைந்து வழிந்தது. துடைத்து எழுதினேன், மறுபடியும் வழிந்தது. மேலேயிருந்து "சீக்கிரம்" என்றார்கள். ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று ஸ்லேட்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, முன்முனையில் நின்று ஒரே ஒரு படம் எடுத்தேன். தண்ணீர் விட்டார்கள்.

இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. டாக் எழும்பி வந்து கப்பல் கட்டையில் உட்காரும் நேரம், எங்கேயோ கழன்று மிதந்த ஒரு மரத்துண்டு நடுவில் மாட்டியிருந்திருக்கிறது. கப்பல் அதன் மேல் ஏறிச் சறுக்கிச் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் இரண்டு பக்கமும் கட்டைகள் சிதறின. முட்டுக்கொடுத்திருந்த மரம் ஒன்று தெறித்து, பெயின்ட் அடிக்க வந்திருந்த ஒரு தொழிலாளியின் மேல் விழுந்தது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. அவர் கத்தியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

எந்தப் பக்கத்துத் துண்டு முதலில் கழன்றது என்று சிதறிக் கிடந்ததைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மத்தியானமே விசாரணை. உடனே படம் வேண்டும் என்றார்கள். இருட்டறைக்குள் ஓடினேன். ஃபிலிமின் மங்கலான பக்கம் கீழே இருக்க வேண்டும், பளபளப்பான பக்கம் மேலே. கரையான்சாவடியில் முதல் வாரத்தில் கற்ற பாடம். அன்றைக்கு நான் திருப்பி வைத்துவிட்டேன். திருப்பி வைத்தது எனக்குத் தெரியவும் இல்லை. ஸ்லேட் இருந்திருந்தால் படம் மருந்தில் தெளியும்போதே தெரிந்திருக்கும்.

ஈரம் காயாத படத்தை மேசையில் வைத்தார்கள். வலப்புறம், முன்னாலிருந்து மூன்றாவது கட்டை. சங்கிலி தொய்ந்து தொங்கியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அன்வரைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். படத்தைக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து, "இது நான் கட்டுன கட்டை இல்ல சார்" என்றான். "நான் கொக்கிய உள்பக்கமா மாட்டுவேன். இதுல வெளிப்பக்கமா கீது. வேற யாரோ கட்டுனது."

விசாரணைக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அப்ப போட்டோ பொய் சொல்லுதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த அறையில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான்.

அன்வரின் கேட்பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஜாபர் பாயை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிக் கயிறு ஸ்டோருக்கு அனுப்பினார்கள். டாக்கில் அவர் கை காட்டினால் நாற்பது பேர் நகர்வார்கள். அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை கயிற்றுச் சுருளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆல்பத்தில் நான் அந்தப் படத்தை ஒட்டி, கீழே எழுதினேன்: 'வலப்புறம், மூன்றாம் கட்டை, தளர்ந்த சங்கிலி. ஜாபர் கேங்.'

ஐந்தாவது மாதம் நெகட்டிவ்களுக்கு எண் போடும் வேலை வந்தது. விளக்குப் பெட்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஃபிலிமின் ஓரத்தில் கம்பெனிக்காரனே அச்சடித்த எண் இருக்கும். அந்த எண் நேராகத் தெரியும்படி வைத்தால் படமும் நேர். அந்த நெகட்டிவை வைத்தேன். தொய்ந்த சங்கிலி இடப்பக்கம் இருந்தது.

திருப்பினேன், எண் இடம் வலமாக மாறியது. மறுபடியும் நேராக வைத்தேன். இடப்பக்கம்தான். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பத்து தடவை பார்த்திருப்பேன்.

சுந்தரேசன் சாரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸ்லேட் எங்கே தனபால்?"

"மழை சார்."

அதற்காக என்னைத் திட்டவும் அவரால் முடியாது. அவரும் அன்றைக்குச் சுத்தியலோடு இறங்கவில்லையே. அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்தார். தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதினார்: 'இப்படம் புறம் மாறி அச்சிடப்பட்டது. தளர்ந்த சங்கிலி இடப்புறம் மூன்றாம் கட்டையினுடையது. வலப்புறக் கட்டைகள் அனைத்தும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன.' இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். படத்துக்கு அடியில் ஒட்டினேன்.

"மேலே எழுதறேன். பதில் வர்ற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்றார்.

எழுதினார், அதில் பொய்யில்லை. நகலைப் பார்த்தேன். தான் சுத்தியலோடு இறங்காததையும் அதில் எழுதியிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. முடிந்துபோன விசாரணையைத் திறக்க வேண்டியதில்லை. கால் போனவருக்கு உரியது செய்தாகிவிட்டது, சம்பந்தப்பட்டவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, இனி என்ன? சுந்தரேசன் சார் அதைப் படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்தார். ஜாபர் பாயைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். திருத்தியது தெரிய வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாரே, யாருக்குத் தெரிய வேண்டும்? அலமாரிக்கா? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தாலும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

அவரைச் சொல்லி என்ன? எனக்கு வாய் இல்லையா? கயிறு ஸ்டோரைத் தாண்டித்தான் தினமும் போவேன். "இன்னா நைனா, டீ குடிச்சியா?" என்பார் ஜாபர் பாய். குடிப்பேன். குடித்துவிட்டு வந்துவிடுவேன். வேலை நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சொன்னால் என் வேலை போகும் என்று பயந்தேன். வேலை போகாது என்று ஆன பிறகும் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே, அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஆல்பத்தில் சீட்டு இருக்கிறது, ஆவணத்தில் உண்மை இருக்கிறது, என் கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பியும் விட்டேன்.

அதனால்தான் அந்தப் பெண் போனில் பேசியபோது எனக்கு முதலில் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. அயனம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். பழைய லேத் பட்டறைக்கு மேலே ஏசி போட்டு, கண்ணாடி வைத்து ஒரு கம்பெனி, துறைமுகம் ஸ்கேன் வேலையைக் கொடுத்திருந்தது அவர்களிடம்தான். போனில் பேசியவள் நிவேதா. கோவில்பட்டிப் பெண், படித்துவிட்டு வந்து எங்கள் பக்கத்து ஃப்ளாட்டுகளில் ஒன்றில்தான் குடியிருக்கிறாள். மரியாதையான பெண். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "இதைத்தான் சார் மெயினா வைக்கிறோம்" என்று சுவரில் சாய்த்து வைத்திருந்த பெரிய படத்தைக் காட்டினாள்.

மூன்றடி அகலத்துக்கு என் படம். மேலே பெரிய எழுத்தில் 'ஒரு சங்கிலி தளர்ந்தால்…' என்று தலைப்பு. கீழே 'வலப்புறம், மூன்றாம் கட்டை. ஜாபர் கேங். ஒரு நிமிடக் கவனக்குறைவு, ஒரு மனிதனின் கால்.' பாதுகாப்பு வாரத்துக்காக வைக்கிறார்களாம். திங்கள்கிழமை திறப்பு. நான் போனது வியாழக்கிழமை.

"இதுக்கு அடியில ஒரு சீட்டு இருந்திருக்குமேம்மா. ரெண்டு கையெழுத்தோட."

நிவேதா யோசித்தாள். "சின்னச் சின்னதா நிறைய பேப்பர் இருந்துச்சு சார். லிஸ்ட்ல போட்டோ மட்டும்தான். அதனால லூஸ் பேப்பர்னு ஒதுக்கிட்டோம். ஆல்பம் அட்டையோட சேர்த்து பழைய பேப்பர்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடம் கத்தியிருக்கக் கூடாது. லிஸ்ட் போட்டவன் வேறு எவனோ. ஆல்பத்தில் எது ஆவணம், எது குப்பை என்று தெரிந்த ஒரே ஒரு ஆளிடம் கேட்காமல் லிஸ்ட் போட்ட அந்தப் புண்ணியவானை நான் இன்னும் பார்க்கவில்லை. நெகட்டிவ் உண்டா என்று கேட்டாள். அதெல்லாம் என்றைக்கோ ஒரு மழையில் ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன் சார்" என்றாள் மெதுவாக. "ஆனா எழுத்துல ஏதாவது இல்லாம மேல கேக்க மாட்டாங்க. அப்ப டாக்ல இருந்தவங்க ரெண்டு பேர் எழுதிக் கையெழுத்து போட்டுத் தந்தா, நானே பேசறேன்."

அந்தப் படத்தைக் கடைசியில் எடுத்துவிட்டார்கள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிவேதா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நான் இதை எழுதுவது அந்தப் படத்துக்காக அல்ல.

இரண்டு கையெழுத்தில் ஒன்று என்னுடையது. இன்னொன்றுக்கு, எனக்குத் தெரிந்து உயிரோடு இருப்பது ஜாபர் பாய் மட்டும்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பூந்தமல்லிக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து யாரையெல்லாம் திட்டலாம் என்று வரிசையாக யோசித்துக்கொண்டு போனேன். கம்பெனியை, துறைமுகத்து அதிகாரிகளை, சுந்தரேசன் சாரை. பாயும் என்னோடு சேர்ந்து திட்டுவார் என்று நினைத்தேன்.

"வா நைனா, குந்து" என்றார். எண்பதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம். அவருடைய மனைவி ஜைத்தூன் அக்கா டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சர்க்கரை எனக்கு ஆகாது என்று ஞாபகம் வைத்திருந்து தனியாகப் போட்டிருந்தார்.

சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. நிவேதா எனக்கு அனுப்பியிருந்த படத்தைப் போனில் திறந்து காட்டினேன். பிறகு அதை இடம் வலமாகத் திருப்பிக் காட்டினேன்.

"இதுதான் பாய் நிஜம். முதல்ல நான் அச்சடிச்சது தப்பு."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தளர்ந்த சங்கிலியின் மேல் விரலை வைத்தார். "அப்போ இது?"

"இடப்பக்கம்."

"நம்ம பக்கம்?"

"எல்லாம் இறுக்கமா இருந்தது பாய். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே திரும்பி, "ஜைத்தூனு" என்று கூப்பிட்டார். அக்கா வந்து நின்றார். "அன்வரு கட்டித்தான் வெச்சிருந்தானாம்" என்றார்.



"சத்தியம் பண்ணான் நைனா" என்றார் பாய் என்னிடம். "குரான் மேல கைய வெச்சு, மச்சான், நான் கட்னேன் மச்சான்னு அழுதான். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? போட்டோல கீதேடா, பொய்ச் சத்தியம் பண்ணிகினு என் ஊட்ல நிக்காதே, போன்னு தொரத்துனேன். ஒருத்தன் கால் போச்சேடா உன்னாலன்னு சொன்னேன். ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போய்ட்டான். அவன் கண்ணாலத்துக்கு நான் போவல. அவன் செத்தப்போ மௌத்துக்கும் போவல. இவ மட்டும் தனியா போய்ட்டு வந்தா."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தெரியாது. அந்த அநியாயத்தில் போனது இரண்டு பேருடைய வேலை மட்டும் என்றே நினைத்திருந்தேன். மற்றவர்கள் நம்பியதைப் போல பாயும் என் படத்தை நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜைத்தூன் அக்கா என்னைப் பார்த்தார். "இது தப்புன்னு நீங்க எப்பத் தெரிஞ்சுகினீங்க?"

நேற்றுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது. "அஞ்சாவது மாசம்" என்றேன்.

"எதுலேந்து அஞ்சாவது மாசம்?"

"விபத்து நடந்ததுலேர்ந்துக்கா."

அவர் குனிந்து, நான் தொடாமல் வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் நான் தயாரித்து வைத்திருந்த திட்டுகள் எல்லாம் என் வாய்க்குள்ளேயே கசந்தன. லிஸ்ட் போட்டவன் ஒரு சீட்டைத்தான் குப்பையில் போட்டான். நான் அந்தச் சீட்டிலிருந்த உண்மையை இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தேன். என்னை எந்தப் பெயர் சொல்லித் திட்டுவது?

நான் பையிலிருந்து எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தை எடுத்தேன். ஜாபர் கேங்கின் மேல் தவறில்லை என்று அதில் எழுதியிருந்தேன். பாய் வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போடமாட்டேன். எம் பேரு இன்னாத்துக்கு? எனக்கு இன்னா, கயிறு எண்ணுனேன், பென்சன் வாங்கினேன். மூணாவது கட்டைய கட்னவன் பேரப் போட்டு எழுது."

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன். 'வலப்புறம் மூன்றாம் கட்டையைக் கட்டியவர் அன்வர். அவர் ஒழுங்காகக் கட்டியிருந்தார். விசாரணையில் உண்மையைச் சொன்னார். படத்தைப் புறம் மாற்றி அச்சிட்டவன் தனபாலாகிய நான். அதை ஐந்தாம் மாதமே அறிந்தும் அவரிடமோ அவர் வீட்டாரிடமோ சொல்லாதவனும் நானே.'

பேனாவை வாங்குவதற்கு முன்னால் பாய், "சத்தமா படி. அவளுக்குக் கேக்கணும்" என்றார்.

சமையலறைப் பக்கம் திரும்பிப் படித்தேன். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. அக்கா வெளியே வரவில்லை.

"இன்னொரு வாட்டி படி" என்றார் பாய்.

மறுபடியும் படித்தேன்.